தம்ளருக்கடியில் வைத்த தாள்

தம்பி,

இதைத் தமிழில் எழுதுகிறேன். பேனாவைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, இருபத்தேழு வயதான உனக்கு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இதுதான். நீ ஆறாவது படிக்கும்போது பள்ளியில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார்களே, அன்று உன் பைக்குள் ஒரு சீட்டு வைத்து அனுப்பினேன். அதுகூட இங்கிலீஷ்தான். பெற்ற பிள்ளைக்குப் பத்திரமாகப் போய்விட்டு வா என்று சொல்ல அகராதியைப் புரட்டிய மனுஷன் நான். இப்போது பெங்களூரிலிருந்து நீ அனுப்புகிற செய்திகளும் இங்கிலீஷ்தான். ‘டைடு அப் வித் வொர்க்.’ ‘வில் கேட்ச் அப் லேட்டர்.’ கல்யாணத் தேதி முடிவாகிவிட்டதா என்று கேட்டதற்கு, ‘வில் கெட் பேக் டு யூ.’ ஒரு தப்பு கிடையாது. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவைதான். அவற்றை வைத்தே என்னை வாசலோடு நிறுத்திவிட உனக்குத் தெரிந்திருக்கிறது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் வலிக்காமலும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்கப்போகிறார்கள் என்று எரிச்சலோடுதான் எடுத்தேன். “மாமா, நான் நிவேதா பேசறனுங்க” என்றது ஒரு குரல். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண். போட்டோவில் பார்த்திருக்கிறேன், குரல் அன்றைக்குத்தான் கேட்டேன். உனக்குத் தெரியாமல் உன் போனிலிருந்து நம்பரை எடுத்தாளாம். “தப்பா நினைச்சுக்காதீங்க மாமா. அவரு சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாருங்க. நான் பேச ஆரம்பிச்சா தட்டைக் கையில எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடறாரு. எங்க வீட்டுக்கு வந்தப்பவும் அப்படித்தான், தனியா நின்னுட்டே சாப்பிட்டாரு. கோயமுத்தூர்ல எங்க வீட்டுல சாப்பாடுன்னாலே கலகலன்னு இருக்குமுங்க. அம்மா பயந்துட்டாங்க” என்றாள். பிறகு, “பர்ஸுல ஒரு பழைய காலண்டர் தாளு வெச்சிருக்காரு மாமா. என்னன்னு கேட்டதுக்கு, எங்கம்மா செத்ததுக்கு நான்தான் காரணம்னு சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?” என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். விசாரிப்பதற்கு என்ன இருக்கிறது? எல்லாமே எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா செத்ததற்கு நீ காரணம் இல்லை. நீ அவள் வாயை அடைக்கவில்லை. எது எப்படி நடந்தது என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்கும் ஏன் அனுப்புகிறேன் என்று நீ கேட்கலாம். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் அது திருத்தம் ஆகாது. படாளத்தில் உன் மாமா படிக்கட்டும். என்னோடு வேலை செய்தவர்கள் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன்.

நம் ஆட்கள் படாளம் பக்கம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் தலைமுறையில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான். ஐடிஐ முடித்து, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தேன். மெஷின் என் கையில் அடங்கிப் போகும், அதில் எனக்கு எப்போதும் கர்வம். கஷ்டம் எல்லாம் காலை மீட்டிங்கில்தான். புனேயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்த இன்ஜினியர்கள் மடமடவென்று இங்கிலீஷில் பேசுவார்கள். எனக்கு இங்கிலீஷே தெரியாது என்று இல்லை. பெரிய பெரிய வார்த்தைகள் தெரியும். ‘போஸ்ட்போன்’ தெரியும், ‘இன்வெஸ்டிகேட்’ தெரியும், ‘டாலரேட்’ தெரியும். அவர்களோ ‘புட் ஆஃப்’ என்பார்கள், ‘லுக் இன்டு’ என்பார்கள், ‘புட் அப் வித்’ என்பார்கள். கெட், புட், டேக், லுக் எல்லாம் மூன்றாம் வகுப்பில் படித்த வார்த்தைகள். வாலில் ஒரு அப், ஒரு ஆஃப், ஒரு அவுட் ஒட்டிக்கொண்டு வந்தால் எனக்கு அடையாளமே தெரியாமல் போய்விடும். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து வந்து தெரியாத ஆளாக நிற்பது மாதிரி. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் எல்லாம் விண்ணப்பத்தில் எழுதுகிற இங்கிலீஷாகத்தான் வரும். என்னோடு வேலை செய்த முரளி ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டான். “மச்சான், நீ பேசுறது இங்கிலீஷா, வக்கீல் நோட்டீஸா? சூப்பர்வைசர் பயந்துட்டாரு.” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வருஷம் சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த பையனுக்குப் போனது. மெஷினில் போல்ட் எந்தப் பக்கம் திருப்புவது என்று என்னிடம் கேட்டுப் படித்தவன் அவன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் விரிப்பில் பழைய புத்தகம் போட்டிருந்தார்கள். அதில் இந்த ஜோடி வார்த்தைகளுக்கென்றே ஒரு புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்திருந்தது. வாங்கினேன். என் பிள்ளை ஒரு மீட்டிங்கிலும் வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். அந்த ஆசையில் தப்பு இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்கு நான் பிடித்த வழிதான் தப்பு.

உனக்கு அப்போது பத்து வயது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறதல்லவா, முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் தினம் ஒரு ஜோடி வார்த்தை எழுதுவேன், கீழே ஒரு வாக்கியம். சாயங்காலம் ஏழரை மணிக்குச் சாப்பிட உட்காரும்போது உன் தம்ளருக்கடியில் அந்தத் தாள் இருக்கும். அதை வைத்து நீ சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். அதோடு ஒரு சட்டமும் போட்டேன். சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ் மட்டும்தான். யார் தமிழ் பேசுகிறார்களோ அவர்கள்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். இதைக் கேட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. “எப்டியும் நான்தான கழுவப்போறேன்? அப்ப நான் பேசிக்கிறேன் வுடு” என்றாள்.

முதல் இரண்டு வருஷம் அவள் பேசினாள். மாமல்லபுரத்தில் கடற்கரை ஓரத்து ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், சாயங்காலம் வந்து சமைத்து வைத்துவிட்டு மேசைக்கு வருவாள். எந்த வெள்ளைக்காரர் மணல் காலோடு மெத்தையில் ஏறினார், எந்த அம்மா போகும்போது செருப்பை மறந்து வைத்துவிட்டுப் போனார் என்று ஒரே கதைதான். நீ இடையில் விரலைத் தூக்கி “அம்மா, ரூல்!” என்பாய். “போடா, நான்தான் கழுவிக்கிறேன்ல” என்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் போட்ட சட்டத்தை அவள் விளையாட்டாக ஆக்கிவிட்டாள் என்று உள்ளுக்குள் கோபம்.

பிறகு ஒரு நாள் அவளே இங்கிலீஷில் பேசிப் பார்த்தாள். நினைவிருக்கிறதா? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, “டுடே ஐ பிக் அப் டவல், வைப் டவுன் பாத்ரூம், லேடி சே ஹேங் அப் மை டிரஸ்” என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. நான் சிரித்தேன். “பாஸ்ட் டென்ஸ் எங்க போச்சு, பஸ்லயே வுட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்டுச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து நீயும் சிரித்தாய். சிரிப்பை ஆரம்பித்தவன் நான் என்பதை நீ ஞாபகம் வைத்துக்கொள். அவளும் கொஞ்சம் சிரித்தாள், பிறகு ரசம் எடுத்து வர எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் மேசையில் அவள் பேச்சு குறைந்துவிட்டது. வேண்டும், போதும், இன்னும் கொஞ்சம் என்பதையெல்லாம் கையாலேயே காட்டுவாள். வீடு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தியைப் பார்த்தாயா?

இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. நம் தெருவில் ஒரு வரி இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த ஜோடி வார்த்தைகளைத்தான் நாள் பூராவும் பேசுகிறார்கள். ஸ்கூல் வேன்காரர் ‘பிக்கப்’ என்கிறார். காதல் முறிந்தவன் ‘பிரேக்கப்’ என்று தாடி வளர்க்கிறான். கல்யாணப் பெண்ணுக்கு ‘மேக்கப்’, கம்ப்யூட்டருக்கு ‘பேக்கப்’. கம்பெனி மெயிலைத் திறந்தால் ‘ஃபாலோ அப்’ இல்லாமல் ஒரு வரி ஓடாது. இதை யாரும் காலண்டர் தாளில் எழுதி மனப்பாடம் பண்ணவில்லை. தேவைப்பட்டது, வாயில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். உன் அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. எனக்குப் புத்தகத்தில் இருந்த வார்த்தைகள் அவளுக்குக் கையில் இருந்தன. குனிந்தால் பிக் அப், துடைத்தால் வைப் டவுன், மடித்தால் ஃபோல்டு அப். நம் மூன்று பேரில் அந்த பாஷையை அது பேசப்படுகிற விதத்தில் கற்றுக்கொண்டது அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பன்னிரண்டாவது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. விடியற்காலையில் அவளை பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போகிறேன். கொளவாய் ஏரி ஓரம் போகும்போது பின்னாலிருந்து சொன்னாள். “இன்னாங்க, கொஞ்ச நாளா படி ஏறுனா மூச்சு வாங்குது. தோள்பட்டலேர்ந்து கை வரிக்கும் இழுத்துகினு கீது.” நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூட்ட மூட்டயா துணி தூக்குற, வலிக்காம இன்னா பண்ணும்? தம்பிக்குப் பரீட்ச முடியட்டும், ஒரு நாள் லீவு போட்டு பெரியாஸ்பத்திரில காட்டிகினு வந்துடலாம்” என்றேன். “சரி” என்றாள். சுத்தமான தமிழில், தெளிவாக, உடம்பில் எங்கே என்பதுவரை சொல்லியிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டுப் போனாள்.

அதற்கு ஆறாம் நாள்தான் நீ நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிகிற அந்தச் சாயங்காலம். நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. “எனக்கு இன்னாவோ ஒரு மாதிரியா கீதுடா தம்பி” என்று ஆரம்பித்தாள். நீ வழக்கம்போல விரலைத் தூக்கி, சிரித்த முகத்தோடு, “அம்மா, ரூல்! ரூல்!” என்றாய். அவளும் சிரித்தாள். அதே நேரம் உன் போன் அடித்தது. கூடப் படிக்கிற பையன், பிசிக்ஸில் ஏதோ சந்தேகம் கேட்டான். நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ‘அம்மா சொல்ல வந்தாள், நான் தடுத்தேன், அதற்கப்புறம் அவள் சொல்லவே இல்லை’ என்று ஒன்பது வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ வெளியே போன பிறகு அவள் சொன்னாள், தம்பி. என்னைப் பார்த்துச் சொன்னாள். சட்டப்படி இங்கிலீஷிலேயே சொன்னாள். “ஐ ஆம் வோர்ன் அவுட்” என்றாள். மெதுவாக, ஒரு எழுத்துப் பிசகாமல். எனக்கு அந்த வார்த்தை தெரியாது. என் பழைய புத்தகத்தில் டபிள்யூ பக்கங்களே கிழிந்து போயிருந்தன. தெரியாது என்று ஒப்புக்கொள்ள முடியுமா, நான்தான் வாத்தியார் ஆயிற்றே. “அப்டிலாம் சொல்லக் கூடாது. ஐ ஆம் டயர்ட்னு சொல்லு” என்றேன். அவள் “டயர்ட்” என்று திருப்பிச் சொன்னாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு மேசையில் நானும்தான் தமிழ் பேசினேன், ஆனால் பாத்திரத்தை அவளேதான் கழுவினாள். நீ வைத்த தம்ளரையும் சேர்த்துத்தான். தினமும் அதற்கடியில் இருக்கிற தாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள், குப்பையில் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் எடுக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் ரிசார்ட்டில் துணிகள் அடுக்குகிற அறையில் விழுந்துவிட்டாள். அவர்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். ஒரு வாரம் முன்னால் கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த ‘சொல்ல முடியாது’ என்பதை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் தூங்கி எழுந்திருக்கிறேன்.

வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது உன் மாமா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டான். “முன்னாடியே ஒண்ணும் சொல்லலியா மச்சான்? எங்கக்கா ஒரு வார்த்த சொல்லலியா?” நீ அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாய். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்ல மச்சான். ஒண்ணும் சொல்லல” என்றேன். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். “நைனா, நேத்து சொல்ல வந்தாங்க நைனா. நான்தான் ரூல் ரூல்னு...” என்று அதற்கு மேல் முடியாமல் அழுதாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என்னிடம் சொன்னாள், ஒரு வாரம் முன்பே சொன்னாள், நேற்றும் சொன்னாள் என்று கத்தியிருக்க வேண்டும். அவள் தம்பி என்னை அடித்திருப்பான். அடித்திருக்கட்டும். நான் உன் முதுகைத் தடவி, “நடந்தது நடந்துபோச்சு, வுடு நைனா” என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று சனங்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அந்த ஒரு வார்த்தையால் என் தலையில் இருந்ததை எடுத்து உன் தலையில் வைத்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில்.

அவள் இரண்டு மொழியிலும் என்னிடம் சொல்லிவிட்டாள். இரண்டிலும் கேட்காதவன் நான். இதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

காரியம் முடிந்த பிறகு அவள் சாமான்களை வாங்கி வர ரிசார்ட்டுக்குப் போனேன். நீ வரவில்லை என்றாய், நானும் வற்புறுத்தவில்லை. அவளோடு வேலை செய்த ஜெபா என்கிற பெண் என்னை அந்த அறைக்குக் கூட்டிப் போனாள். ஓரத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை, நிறையக் கிழிந்த துண்டுகள். “நூல் பிரிஞ்சது, நைஞ்சிபோனதுலாம் இதுல போட்டுடுவோம் சார். வோர்ன் அவுட்னு எழுதி வெச்சிருப்போம். அக்காதான் எனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். நான் அந்தக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அக்கா இன்னாம்மா இங்கிலீஷ் பேசுவாங்க தெரியுமா சார்? ஃபாரின்காரங்க கேட்டா அக்காவத்தான் கூப்பிடுவாங்க. சிரிச்சிகினே பேசுவாங்க. எங்க வூட்டுக்காரரு சொல்லிக் குடுத்ததுன்னு சொல்வாங்க” என்றாள். என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கு அங்கேயே உயிர் போயிருக்கலாம்.

அவள் பெட்டியில் யூனிபார்ம், ஒரு ஜோடி செருப்பு, தலைவலித் தைலம். அதற்கடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. காலண்டர் தாள்கள். தினமும் நான் எழுதி வைத்தது, தினமும் அவள் எடுத்துக்கொண்டு போனது. என் வாக்கியத்துக்குக் கீழே, எட்டாவது படித்த அவள் கையெழுத்தில், தமிழில், அவளுடைய வாக்கியம். ‘ரன் அவுட் ஆஃப்: இன்னிக்கி சோப்பு தீந்துபோச்சி. வூட்லயும்தான்.’ ‘ஃபோல்டு அப்: பதினாலாம் ரூம் அம்மா அவங்களே விரிப்ப மடிச்சி வெச்சிட்டு போய்கீறாங்க. நல்ல மனுசி.’ ‘கிரோ அப்: தம்பிக்கு மீச வந்துகினு கீது. கேட்டா வெக்கப்படறான்.’ அந்த மேசையில் அவள் பேசாமல் விட்டது எல்லாம் அங்கே இருந்தது. நாம் சிரித்தோமே, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒன்றுமே யோசிக்காமல் ‘லாஃப் அட்’ என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதற்கும் எழுதியிருக்கிறாள். ‘தம்பி சிரிச்சான். கொழந்த, அவனுக்கு இன்னா தெரியும். இவரு சிரிச்சதுதான் ஒரு மாதிரியா பூடுச்சி.’

இந்தக் கட்டையும் உனக்குக் காட்டாமல் பீரோவில் பூட்டி வைத்தேன். காட்டினால் நீ என்னைக் கேள்வி கேட்பாய் என்ற பயம். நீ அதே வருஷம் ஹாஸ்டலுக்குப் போனாய், பிறகு பெங்களூருக்குப் போனாய், தீபாவளிக்கு வந்தால்கூட மேசையில் உட்காராமல் தட்டோடு வெளியே போய் நின்றாய். பிள்ளைக்கு அம்மா ஞாபகம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். ஏன் என்று தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அப்பன் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எந்தச் சட்டமும் போடாதே. நிவேதா எந்த பாஷையிலும் பேசட்டும், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசட்டும், தப்பும் தவறுமாகப் பேசட்டும். அவள் உடம்புக்கு முடியவில்லை என்றால் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே, எழுந்து செருப்பைப் போடு. நீ தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் மறுநாள் அதைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். நான் ஒன்பது வருஷம் தள்ளியவன், எனக்குத் தெரியும். இன்னொன்று. அந்தப் பெண் உனக்குத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டதற்கு அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் கேட்ட மாதிரி ஒரே ஒரு தடவை நான் உன் அம்மாவைப் பற்றி யாரையாவது கேட்டிருந்தால் போதும்.

என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். கூப்பிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். இதைப் படித்த பிறகு உன் மாமா என் முகத்தில் விழிக்க மாட்டான், அதுவும் நியாயம்தான். நீ என்னை வெறுத்தாலும் எனக்குச் சம்மதம். உன்னை நீ வெறுப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவின் தாள்களை ஒரு கவரில் போட்டு நிவேதா பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாம் உனக்குத்தான். தனியாக உட்கார்ந்து படிக்காதே. அந்தப் பெண்ணோடு சாப்பிட உட்காரும்போது ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படி. உன் அம்மா நல்ல பேச்சுக்காரி, நிவேதாவுக்குப் பிடிக்கும்.

அதற்குப் பதிலாக நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் பர்ஸில் இருக்கிற அந்த ஒரு தாளை எனக்கு அனுப்பிவிடு. அன்றைக்கு அவள் எடுக்காமல் விட்ட தாள் அதுதான் என்று நிவேதா சொன்னவுடனே தெரிந்துகொண்டேன். அதில் என்ன வார்த்தை எழுதினேன் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. எதுவாக இருந்தால் என்ன. அதைப் பிரித்துப் பார், தம்பி. அதில் இருப்பது என் கையெழுத்து, உன்னுடையது இல்லை. இத்தனை நாள் நீ வைத்திருந்தது போதும், என்னிடம் கொடுத்துவிடு.

உன் நைனா